இற்செறிப்பும் இணைய வகுப்பும்

2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது கல்லூரி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு பொருள்கள் ஓயாமல் வந்து விழுந்தன. ஒன்று, இணையக் கருத்தரங்குகளின் மின்சான்றிதழ். மற்றொன்று, கல்வியியல் ஆய்வாளர்களின் வினாப்படிவம். இணையவழிக் கற்பித்தல் குறித்த ஆசிரியர்களின் அனுபவமும் மனப்பான்மையும் என்பதே ஏறக்குறைய எல்லாப் படிவங்களின் தலைப்பும். 'முழுமையாக உடன்படுகிறேன்' என்பதில் தொடங்கி 'முற்றிலும் மறுக்கிறேன்' என்பதுவரை ஐந்து கட்டங்கள் இருக்கும். ஒன்றைத் தொட வேண்டும். வயது, பாலினம், பணி அனுபவம், கையில் இருக்கும் கருவி, இணையத்தின் வேகம் எல்லாம் கேட்பார்கள். சிலர் மணமானவரா என்றும் கேட்பார்கள். ஆனால், வகுப்பு எடுக்கும் நேரத்தில் உங்கள் வீட்டு அடுப்பில் யார் நிற்கிறார்கள் என்று எனக்கு வந்த எந்தப் படிவமும் கேட்கவில்லை. வகுப்பு எடுக்கத் தனி அறை உண்டா, அதற்குக் கதவு உண்டா, கதவைச் சாத்தினால் யாராவது ஏன் என்று கேட்பார்களா என்றும் கேட்கவில்லை.

படிவத்தின் குறை என்று இதைச் சொல்லி விட்டுவிட முடியாது. அது ஒரு பார்வையின் குறை. இவ்வகை ஆய்வுகள் பெரும்பாலும் ஒரு பழைய சட்டகத்தின் மேல் நிற்கின்றன. 1989இல் அமெரிக்க ஆய்வாளர் ஃபிரெட் டேவிஸ் முன்வைத்த தொழில்நுட்ப ஏற்பு மாதிரிதான் அது. ஒருவர் புதிய கணினி முறையை ஏற்பாரா மாட்டாரா என்பதை முதன்மையாக இரண்டு எண்ணங்கள் தீர்மானிக்கின்றன என்றார் அவர்: இது என் வேலைக்குப் பயன்படும் என்ற எண்ணம், இதைக் கையாள்வது எளிது என்ற எண்ணம். அலுவலக மேசையை மனத்தில் வைத்து உருவான கருத்து இது. அங்கே மேசை இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, உட்கார்ந்திருப்பவருக்குச் சம்பளமும் வேலைநேரமும் இருக்கின்றன. அந்த அலுவலகத்தையே பிரித்து வீட்டுக்குள் கொட்டினால் என்னவாகும் என்ற கேள்விக்கு அதில் இடமே கிடையாது. எனவே அந்தச் சட்டகத்தின் வழியாகப் பார்ப்பவருக்கு ஓர் ஆசிரியையின் தயக்கம் பயிற்சிக் குறைவாகவோ, வயதாகவோ, மாற்றத்துக்கு அஞ்சும் மனமாகவோதான் தெரியும். இன்னும் இரண்டு பயிலரங்குகள் நடத்துங்கள் என்பதற்கு மேல் ஒரு பரிந்துரையை அதனால் தர முடியாது.

அந்தத் தயக்கத்தை நான் வேறுவிதமாக வாசிக்க விரும்புகிறேன். தமிழ் படித்தவளுக்கு அதற்கு ஒரு சொல் கையருகில் கிடைக்கிறது. சங்க அகப்பாடல்களில் களவொழுக்கம் ஊருக்குக் கசிந்து அலர் எழும்போது, தலைவியைத் தினைப்புனத்துக்குப் போகவிடாமல், தோழியரோடு ஆடவிடாமல் வீட்டுக்குள் இருத்துவார்கள். அதற்கு இற்செறிப்பு என்று பெயர். இல்லத்துக்குள் செறித்தல். எத்தனையோ பாடல்களுக்கு அது துறை. எத்தனையோ ஆண்டுகளாக நாங்கள் தேர்வில் கேட்கும் இரண்டு மதிப்பெண் வினா. இணையவழி வகுப்பைப் பற்றிப் பேசும்போது கருவியைவிட முதலில் பேசவேண்டியது இந்தச் செறித்தலைப் பற்றித்தான். நோய்த்தொற்று ஆணையும் பெண்ணையும் ஒன்றாகவே வீட்டுக்குள் அடைத்தது உண்மை. ஆனால் அடைபட்ட வீடு இருவருக்கும் ஒன்றாக இருக்கவில்லை.

இது ஊகம் இல்லை. கொரோனாவுக்கு முந்தைய ஆண்டிலேயே கணக்கு எடுத்து வைத்திருக்கிறார்கள். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஒரு நாளில் ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் 81.2 விழுக்காடு, ஆண்கள் 26.1 விழுக்காடு. ஈடுபட்டவர்கள் செலவிட்ட நேரத்தைப் பார்த்தால் பெண்ணுக்குச் சராசரி 299 நிமிடம், ஆணுக்கு 97 நிமிடம். ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நிமிடம்தான் குறைவு. கல்லூரிக்குப் போய்வரும் பெண் இந்த ஐந்து மணி நேரத்தை விடியலுக்கு முன்பும் மாலைக்குப் பின்பும் என்று இரு பாதியாக வெட்டி வைத்திருந்தாள். இடையில் இருந்த பகல் அவளுடையது. வகுப்பு கைப்பேசிக்குள் வந்தபோது அந்தப் பகலைச் சுற்றி இருந்த வேலி போய்விட்டது. பத்து மணி வகுப்பில் நன்னூல் நடத்துபவரிடம் பத்தேகாலுக்கு மாமியாருக்கு மாத்திரை எங்கே என்று கேட்கலாம். கல்லூரியில் இருந்தால் அந்தக் கேள்வி மாலை ஐந்து மணிவரை காத்திருக்கும். அல்லது கேட்பவரே மாத்திரையைத் தேடி எடுத்துக்கொள்வார்.

எங்கள் பக்கத்துக் கதையைச் சொன்னால் இது இன்னும் விளங்கும். பாவூர்சத்திரம் திருநெல்வேலிக்கும் தென்காசிக்கும் இடையில் நெடுஞ்சாலையில் இருக்கும் ஊர். காய்கறிச் சந்தையால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த ஊர். இங்கிருந்து மலைப்பக்கம் போனால் தென்காசி, குற்றாலம். கிழக்கே போனால் ஆலங்குளம். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. நான்கு மாதத்தில் ஊரடங்கு வந்தது. கீழப்பாவூர், ஆலங்குளம், சுரண்டை, முக்கூடல் என்று இந்த வட்டாரத்தின் பல வீடுகளில் வாசல் திண்ணையில் பீடிச் சொளகு இருக்கும். தாய் சுற்றுவாள், மகள் சுற்றுவாள், சில வீடுகளில் பாட்டியும் சுற்றுவாள். இந்த வீடுகளிலிருந்து கல்லூரிக்கு வரும் பெண்ணுக்குப் பட்டம் என்பது மூன்றாண்டு கழித்துக் கிடைக்கும் தாள். கல்லூரி என்பது காலை எட்டரை மணிப் பேருந்து. அந்தப் பேருந்தில் ஏறிய நொடியிலிருந்து அவள் கைக்கு இலையும் தூளும் இல்லை. தங்கைக்குச் சடை பின்னச் சொல்லி யாரும் கூப்பிடமாட்டார்கள். சத்தமாகச் சிரிக்கலாம். குற்றாலத்தில் பெண்களுக்கென்றே ஒரு கல்லூரி இத்தனை ஆண்டுகளாக நடக்கிறது என்றால், அது பாடத்திட்டத்தால் மட்டும் நடப்பதாக நான் நினைக்கவில்லை.

ஊரடங்கில் அந்தப் பேருந்து நின்றுபோயிற்று. வகுப்பு மட்டும் தொடர்ந்தது. கைப்பேசியைச் சொளகின் விளிம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு பாடம் கேட்ட மாணவிகள் எனக்கு இருந்தார்கள். ஒலிவாங்கியை அணைக்க மறந்த பெண்ணின் பக்கமிருந்து இலை வெட்டும் கத்தரியின் சத்தம் சீராக வரும். வருகைப் பதிவில் அவள் இருக்கிறாள், வேலையிலும் இருக்கிறாள். 'இணைய வகுப்பு என்பதால் படித்துக்கொண்டே வேலையும் பார்க்கலாம்' என்பதை வசதியாகச் சொல்பவர்கள் உண்டு. வகுப்பு நேரத்தில் வேலைபார்க்காமல் இருக்கும் உரிமையை அவள் இழந்தாள் என்பதும் அதே நிகழ்ச்சிதான்.

அப்படியும் கைப்பேசி கிடைத்தவர்களே சேர்ந்தார்கள். 2017-18இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கிராமப்புற வீடுகளில் இணைய வசதி இருந்தவை 14.9 விழுக்காடு, கணினி இருந்தவை 4.4 விழுக்காடு. வீட்டுக்குள் வந்த இணையமும் எல்லார் கைக்கும் வருவதில்லை. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், வாழ்நாளில் ஒருமுறையேனும் இணையத்தைப் பயன்படுத்தியதாகச் சொன்ன பெண்கள் 33.3 விழுக்காடு, ஆண்கள் 57.1 விழுக்காடு. வீட்டில் ஒரே கைப்பேசி என்றால் அது அப்பாவுடையதாகவோ அண்ணனுடையதாகவோ இருக்கும். அவர்கள் வெளியே கிளம்பினால் வகுப்பும் கிளம்பிவிடும்.

'மாணவர்கள் கேமராவைப் போடுவதில்லை, கறுப்புக் கட்டங்களிடம் பேசுவது போலிருக்கிறது' என்பது அந்த நாட்களில் ஆசிரியர் அறைகளின் இடத்தைப் பிடித்த குழுக்களில் நாள்தோறும் கேட்ட புலம்பல். அதன் வேதனை எனக்கும் தெரியும். முகம் பார்த்துப் பாடம் நடத்திப் பழகியவர்கள் நாம். ஒரு புருவம் சுருங்கினால் அந்த வரியை இன்னொருமுறை விளக்குவோம். ஆனால் அந்தக் கறுப்புக் கட்டத்தைச் சோம்பல் என்றோ அவமரியாதை என்றோ வாசிப்பது வீட்டைப் பார்க்க மறுக்கும் வாசிப்பு. கேமராவைப் போட்டால் தெரிவது முகம் மட்டும் இல்லை. பூசாத சுவர் தெரியும், கொடியில் தொங்கும் துணி தெரியும், பின்னால் கட்டிலில் படுத்திருக்கும் தாத்தா தெரிவார். கல்லூரி வகுப்பறையில் ஒரே வரிசையில் உட்கார்ந்த இரு பெண்களின் வீடுகளைப் பக்கத்துப் பக்கத்தில் காட்டிவிடும் கருவி அது. அந்தக் கறுப்புக் கட்டத்தை அவர்கள் தங்கள் வீட்டு வாசலில் இழுத்துவிட்ட திரை என்று எடுத்துக்கொள்ளலாம். ஆசிரியைகளில் பலரும் சுவரோரமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஒரு சேலையைப் பின்னால் தொங்கவிட்டு அதைத்தான் செய்தார்கள்.

இதுவரை சொன்னவை வசதியும் நேரமும் பற்றியவை. என்னை அதிகம் உறுத்துவது வேறு: பாடத்தில் என்ன சொல்லலாம் என்பதை வீடு தீர்மானிக்கத் தொடங்கியது.

ஒலிபெருக்கியில் வைத்துக் கேட்கப்படும் வகுப்பு மாணவிக்கு மட்டும் நடக்கும் வகுப்பாக இருக்க முடியாது. காதொலிக்கருவி இல்லாத வீட்டில் ஆசிரியையின் குரல் அடுப்படிக்கும் திண்ணைக்கும் கேட்கும். குறுந்தொகையில் களவுப் பாடல் நடத்திக்கொண்டிருக்கும்போது, உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் என்றால், உரையாடல் பெட்டியில் ஒரு வரி வந்து விழும்: "அப்பா பக்கத்துல இருக்காங்க மேம்." வகுப்பறையில் அதே பாடலுக்குத் தலைவி செய்தது சரியா, தாய் செய்தது சரியா என்று இரண்டு பக்கமாகப் பிரிந்து சண்டை போடும் பெண்கள் இவர்கள். அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'யைச் சமையலறையில் உட்கார்ந்து கேட்கும் மாணவி, அந்தக் கதை தன்னிடம் கேட்கும் கேள்விக்கு எப்படி வாய்திறந்து பதில் சொல்வாள்? பாமாவின் 'கருக்கு' பேசும் சாதியைப் பற்றி, ஒரே கைப்பேசியைச் சுற்றிக் குடும்பமே உட்கார்ந்திருக்கும் வீட்டில் எப்படி விவாதம் நடக்கும்? சல்மாவின் எழுத்தைப் பாடமாக நடத்தும்போது, பூப்பெய்தியதும் பள்ளியை விட்டு நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் இருத்தப்பட்ட ஒரு பெண் அதே வீட்டுக்குள் மறைத்து மறைத்து எழுதிக் கவிஞரானார் என்று சொல்லாமல் முடியாது. அதைச் சொல்லும்போது அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருப்பது வீடே என்றால், அந்தத் தகவலின் கூர்மை மாணவியைப் பாதுகாக்குமா, அல்லது அவளைச் சந்தேகத்துக்கு உள்ளாக்குமா?

வகுப்பறை முழுச் சுதந்திரமான இடம் என்று நான் சொல்லவில்லை. அங்கே துறைத்தலைவர் உண்டு, நிர்வாகம் உண்டு, சாதிச் சங்கத்தின் காதும் உண்டு. ஆனால் ஒரு மணி நேரத்துக்குக் கதவைச் சாத்திக்கொண்டு, தந்தையும் தமையனும் கேட்காத இடத்தில் பெண்கள் ஒரு பிரதியைப் பற்றிப் பேச முடிகிற பொது இடம் எங்கள் சிறுநகரங்களில் அது ஒன்றுதான். அகப்பாடலைப் பேசுவதற்குப் புறத்தில் ஓர் இடம் வேண்டியிருக்கிறது என்பது எங்கள் இலக்கணத்தில் இல்லாத செய்தி. வர்ஜீனியா வுல்ஃப் பெண்ணுக்கென ஓர் அறை வேண்டும் என்று சொன்ன 1929ஆம் ஆண்டு நூலை நாம் எழுதுகிற பெண்ணைப் பற்றியதாகவே படித்து வந்திருக்கிறோம். 1928இல் கேம்பிரிட்ஜின் இரண்டு பெண்கள் கல்லூரிகளில் அவர் ஆற்றிய உரைகளிலிருந்துதான் அந்த நூல் பிறந்தது. அறையைப் பற்றிய அந்தப் பேச்சுக்கும் ஒரு கூடம் தேவைப்பட்டது; அந்தக் கூடத்தில் பெண்கள் கூடி உட்கார்ந்து கேட்டார்கள்.

கேட்பவர்கள் வீட்டோடு நிற்கவில்லை. பதிவு செய்யப்பட்ட வகுப்பு எங்கே போகும் என்று எந்த ஆசிரியைக்கும் தெரியாது. திரையைப் படம் பிடித்துக் கேலி வரி எழுதிச் சுற்றுக்கு விடுவது நடந்தது. 2021 மே மாதம் சென்னையில் ஒரு தனியார் பள்ளி ஆசிரியரின் இணையவழிப் பாலியல் தொல்லை வெளியே வந்தபோது, தமிழ்நாடு அரசு இணைய வகுப்புகளுக்கு வழிமுறைகள் வகுத்தது. வகுப்புகளைப் பதிவு செய்ய வேண்டும், கண்ணியமாக உடுத்த வேண்டும் என்பன அவற்றில் அடங்கும். மாணவிகளின் புகாருக்கு அரசு செவிசாய்த்தது சரியானது. அவர்களின் துணிச்சலால்தான் அது நடந்தது. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. ஓர் ஆண் தன் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியதற்குப் பதிலாக நமக்குக் கிடைத்தவற்றுள் எல்லாரையும் பதிவு செய்யும் ஏற்பாடும் ஒன்று. அந்தப் பதிவை யார் வைத்திருப்பார், எத்தனை நாள் வைத்திருப்பார், அது தன் உழைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமை ஆசிரியைக்கு உண்டா என்ற கேள்விகளும் உடன் எழுந்திருக்க வேண்டும். பேசாத, புகார் செய்யாத, உடை ஒழுங்கான ஒரு வகுப்புப் பதிவில் எதுவுமே தவறாகத் தெரியாது என்பதையும் பெண்கள் அறிவார்கள்.

அனுபவம் என்று பேசும்போது எல்லா ஆசிரியர்களையும் ஒரே தட்டில் வைக்கவும் முடியாது. அரசுக் கல்லூரிகளில் பாடச்சுமையின் பெரும்பகுதியைத் தாங்குபவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் சொன்னது. தமிழ்நாட்டில் அவர்கள் பெற்றது அந்தப் பெருந்தொற்று ஆண்டில் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. அதுவும் ஆண்டுக்குப் பதினொரு மாதம். 2020 மார்ச் நடுவில் கல்லூரிகள் மூடப்பட்டன. மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி தரவு அட்டை 2021 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது, சுமார் 9.69 லட்சம் பேருக்கு, ஏப்ரல் வரை. தாமதமானாலும் நல்ல திட்டம். பாடம் நடத்துபவர் யாருடைய கைப்பேசியில், எந்தக் கட்டணத்தில் நடத்தினார் என்பது அந்தக் கணக்குக்கு வெளியே நின்றது. பணிநிரந்தரம் இல்லாத ஒரு பெண், இணைய வகுப்பு எனக்குச் சரிவரவில்லை என்று படிவத்தில் எழுதுவாரா? 'முழுமையாக உடன்படுகிறேன்' என்ற கட்டத்தில் விழுந்த குறிகளில் எத்தனை மனப்பான்மை, எத்தனை அச்சம் என்று பிரித்தறியும் வழி அந்த ஆய்வுகளிடம் இல்லை.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு வரும், வர வேண்டும். வீட்டில் இருந்தபடி படிப்பது பெண்களுக்கு எப்போதுமே இழப்பாகவா இருந்தது? மதுரைப் பல்கலைக்கழகம் 1970களின் தொடக்கத்திலேயே அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிவிட்டது. அன்று நெல்லைச் சீமைக் கல்லூரிகளும் அந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் இருந்தன. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990இல்தான் வந்தது. மணமாகிப் படிப்பு நின்றுபோன எத்தனையோ பெண்கள் அஞ்சலில் வந்த பாடப் புத்தகங்களை வைத்துப் பட்டம் பெற்றார்கள், ஆசிரியைகள் ஆனார்கள். ஊரடங்குக் காலத்திலும், சென்னைக்கு ஒரு கருத்தரங்குக்குப் போக வீட்டில் மூன்று நாள் மன்றாட வேண்டியிருந்த ஆசிரியைகள், யாழ்ப்பாணத்திலும் டொராண்டோவிலும் இருப்பவர்களோடு ஒரே அமர்வில் கட்டுரை படித்தார்கள். கைக்குழந்தை உள்ள ஆய்வு மாணவி ஒருத்திக்கு வாய்மொழித் தேர்வு இணையத்தில் நடந்ததால்தான் முனைவர் பட்டம் கிடைத்தது. இவற்றை மறைத்துப் பேசினால் என் விமர்சனம் பொய்யாகிவிடும்.

ஆனால் அஞ்சல்வழிக் கல்வியை உற்றுப் பார்த்தால் இரண்டு செய்திகள் தெரியும். அது காலை பத்து மணிக்கு உன் குரலைக் கேட்கவில்லை. எல்லாரும் உறங்கியபின் படிக்கலாம். யாரும் ஒட்டுக்கேட்க முடியாது. புத்தகம் ஓசையற்றது. இரண்டாவது, அதில் நேர்முக வகுப்பு என்று ஒன்று இருந்தது. அப்படிப் படித்த பெண்களிடம் பேசிப் பாருங்கள். பாடத்தைவிட அதிகமாக அவர்கள் சொல்வது அந்தச் சனி, ஞாயிறு வகுப்புகளைப் பற்றியதாக இருக்கும்: எந்தப் பேருந்தில் போனோம், யாரோடு சேர்ந்து சாப்பிட்டோம் என்று. வீட்டிலிருந்து படிக்கும் ஏற்பாட்டுக்குள்ளும் அவர்கள் வெளியே போகும் இரண்டு நாளைத்தான் சேமித்து வைத்திருக்கிறார்கள். எனவே தொலைவு பெண்ணுக்குப் பகை என்று சொல்வதற்கில்லை. எந்தத் தொலைநிலைக் கல்வியும் அவளை வெளியே அழைக்கிறதா, உள்ளே இருத்துகிறதா என்பதே கேள்வி.

பெருந்தொற்று முடிந்துவிட்டது, இனி ஏன் இந்தப் பேச்சு என்று கேட்கலாம். முடிந்துவிடவில்லை. 2021 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழு கலப்புமுறைக் கற்பித்தல் பற்றிய ஒரு கருத்துக்குறிப்பை வெளியிட்டது. பாடத்தின் 40 விழுக்காடுவரை இணையவழியில் நடத்தலாம் என்பது அதன் சாரம். ஸ்வயம் தளத்தின் வழியாகப் பெறக்கூடிய மதிப்புப் புள்ளிகளின் வரம்பும் 20இலிருந்து 40 விழுக்காடாக உயர்ந்தது. முழுப் பட்டத்தையும் இணையத்திலேயே தரும் படிப்புகளுக்கு 2020இலேயே விதிமுறைகள் வந்துவிட்டன. இவை எல்லாவற்றிலும் விருப்பம், நெகிழ்வு என்ற சொற்கள் வருகின்றன. யாருடைய விருப்பம்? தென்காசி மாவட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண்ணுக்கு எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்பதைப் பல வீடுகளில் அவள் முடிவு செய்வதில்லை. வீட்டிலிருந்தே படித்தாலும் அதே பட்டம்தான் என்றாகிவிட்டால், பேருந்துக் கட்டணத்தையும் பாதுகாப்பையும் காரணம் காட்டி அவளுக்காக வீடே அந்த விருப்பத்தைத் தேர்ந்தெடுக்கும். அண்ணன் கோவைக்குப் போய்ப் படிப்பான்; தங்கைக்கு நெகிழ்வு கிடைக்கும்.

இதற்கு நேர் எதிரான திசையில் தமிழ்நாட்டில் இரண்டு திட்டங்கள் ஓடுகின்றன. 2021 மே மாதம் முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2022 செப்டம்பர் முதல், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் நடக்கிறது. இரண்டும் பெண்ணைக் கதவுக்கு வெளியே அழைக்கின்றன. ஒரு கை பேருந்துக்கு அனுப்ப, இன்னொரு கை நாற்பது விழுக்காட்டை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினால், இவை ஒன்றோடொன்று மோதுகின்றன என்பதையாவது கொள்கை வகுப்பவர்கள் பேச வேண்டும்.

இணைய வகுப்பே வேண்டாம் என்பது என் வாதம் இல்லை. அது தேவைப்படும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது கிடைக்க வேண்டும். நான் கேட்பவை சில்லறைக் காரியங்கள். மாணவி நேரில் வரும் உரிமையை எந்தக் கலப்புமுறையும் குறைக்கக் கூடாது. கேமராவைப் போடாதிருப்பது ஒழுங்கீனம் ஆகக் கூடாது. உரிய நேரத்தில் வரமுடியாதவளுக்கு எழுத்துவடிவப் பாடம் போய்ச்சேர வேண்டும். ஆசிரியையின் பதிவு அவர் ஒப்புதலின்றி அடுத்த ஆண்டு வகுப்புக்கு ஓடக் கூடாது. ஓடினால் அடுத்த ஆண்டு அந்த இடத்துக்கு ஒரு கௌரவ விரிவுரையாளர்கூடத் தேவைப்படமாட்டார். ஆய்வுப் படிவத்தில், இணையம் குறித்து உங்கள் மனப்பான்மை என்ன என்பதற்கு முன்னால், நீங்கள் பாடம் நடத்தும் அறையில் வேறு யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி இடம்பெற வேண்டும்.

பெண் ஆசிரியர்கள் தயங்கினார்கள் என்றால், பலரும் கருவியை நன்றாகக் கற்றுக்கொண்ட பிறகே தயங்கினார்கள். அவர்கள் சொன்னதைக் கணக்கில் ஏற்றும்போது மனப்பான்மை என்ற தலைப்பின் கீழ் எழுதுகிறோம். ஒரு துறையில் இருபது ஆண்டு வேலை செய்தவர்கள் தங்கள் வேலையிடத்தைப் பற்றிச் சொல்வதற்குத் தமிழில் கருத்து என்று இன்னொரு சொல் இருக்கிறது.